ஒற்றுமை லீக்கின் ஒப்பற்ற பருவம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. அப்புறம் சக்கரத்தைக் கண்டது. பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் களைப்பாறிவிட்டு, 'பால்டிக் கரை ஒற்றுமைக் கூடைப்பந்து லீக்'கைக் கண்டது. இனிக் காண்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்பது லீக்கின் பொதுச்செயலாளர் ஊர்மாஸ் அவர்களின் தாழ்மையான கருத்து.

தெற்கு ரூஜா கூடைப்பந்துக் கழகத்தின் மேலாளர் மைரிதாவும் தொடக்கத்தில் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருக்க முடியாது. ரூஜாவின் நடுவே ஒரு தெரு ஓடுகிறது. தெருவுக்குத் தெற்கே லாட்வியா, வடக்கே எஸ்டோனியா. தெற்குப் பக்க நகராட்சித் தலைவர் ஸிக்மார்ஸ், இருந்த ஒரே விளையாட்டரங்கைப் பேடல் கூடமாக்கத் துடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று குட்டை மட்டையால் பந்தடிக்கும் அந்த ஆட்டம் அப்போது ஊர் ஊராகத் தொற்றிக்கொண்டிருந்தது.

"சர்வதேச இறுதிப்போட்டி ஒண்ணு இங்க நடந்தா அரங்கம் உனக்கு. இல்லேன்னா வசந்தத்துல கண்ணாடி வந்து இறங்கும், மைரிதா" என்றார் அவர்.

மைரிதா அன்றே லீக்கில் சேர்ந்தாள்.

ஐந்து நாடுகள், எட்டு அணிகள். கூடையில் பந்து விழுந்ததைவிட அதிக முறை கூட்டம் கூடியது. முதல் ஆட்டத்தில் லித்துவேனியர்கள் தெற்கு ரூஜாவை 112-க்கு 41 என்று வென்றார்கள். ரூஜா 'அனுபவத்தில் முன்னிலை' பெற்றதாகத் தலைமையகம் அறிவித்தது. லித்துவேனியர்கள் இதைப் படித்துவிட்டு விலகினார்கள். ஃபின்லாந்துக்காரர்களுக்குக் கப்பல் நேரம் ஒத்துவரவில்லை. ஸ்வீடன் அணியில் ஏழு பேர் ஒரே மாதத்தில் அப்பாவாகி, சட்டப்படி விடுப்பில் போனார்கள். பிப்ரவரியில் மிஞ்சியவை இரண்டே அணிகள்: தெற்கு ரூஜா, வடக்கு ரூஜா.

ஊர்மாஸ் காணொளிக் கூட்டம் கூட்டினார்.

"லீக் குறையலை. செறிவடைஞ்சிருக்கு! இனி ஒவ்வொரு ஆட்டமும் இறுதி ஆட்டம்தான்."

"அப்ப நேரா இறுதிப்போட்டியே ஆடிடுவோமே" என்றார் வடக்கு மேலாளர் ஆர்வோ. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அரங்கத்தின் வாசல் தெரியும். "நாங்க தெருவைத் தாண்டி வந்தா முடிஞ்சது."

"தாண்டுறதா?" ஊர்மாஸ் பதறினார். "விதி பதினாறு! விருந்தினர் அணி இருநூறு கிலோமீட்டராவது லீக் பேருந்துல வரணும். இல்லேன்னா அது எப்படிங்க சர்வதேசம்?"

"எதிர்வீட்டுக்குப் போக இருநூறு கிலோமீட்டரா?"

"சுத்தி வாங்க. ஒற்றுமைக்குத் தூரம் முக்கியம்."

ஆகவே சனிக்கிழமை காலை, வடக்கு ரூஜா அணி பேருந்தில் ஏறி, வீட்டு வாசலில் நின்ற மனைவிமாருக்குக் கையசைத்துவிட்டு, எதிர்த்திசையில் புறப்பட்டது. மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வடக்குக்காரர்கள் தெருவைத் தாண்டி வந்து தெற்குக்காரர்களின் மடியில் உட்காராத குறை. பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணி வாசனை கூரையைத் தொட்டது. விருந்தினர் அணியைத்தான் காணோம்.

மைரிதாவின் கைபேசி அடித்தது.

"பேருந்து பள்ளத்துல கிடக்கு" என்று மூச்சிரைத்தார் ஆர்வோ. "ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர்தான். நடந்து வர்றோம். பனி முழங்கால் வரைக்கும் இருக்கு."

கோப்பையோடு நேரில் வந்திருந்த ஊர்மாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பதினஞ்சு நிமிஷம். வரலேன்னா நீங்கதான் சாம்பியன். வாழ்த்துகள்!"

ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. கைக்கெட்டும் தூரத்தில் கோப்பை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மைரிதா சுற்றிலும் பார்த்தாள். எழுநூறு பேர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்திருக்கலாம்" என்றாள்.

"விதியில அப்படியொரு சொல்லே இல்லை!"

நாற்பது நிமிடம் கழித்து, புருவமெல்லாம் பனியாக ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. ஊர்மாஸ் நடுவட்டத்தில் போய்க் கைகளை விரித்து நின்றார்.

"நடந்து வந்தவங்க விருந்தினர் கிடையாது, பாதசாரிங்க! போட்டி ரத்து!"

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்" என்றாள் மைரிதா. "பந்து படும்."

அன்று நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறார்கள். ஸிக்மார்ஸ் மேசைமீது ஏறிக் கத்தினார். கடைசி நொடியில் ஆர்வோவின் ஆள் எறிந்த பந்து வளையத்தை இரண்டு முறை சுற்றி யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. வடக்கு 71, தெற்கு 70. மைரிதா தோற்றாள். அழுதாள், சிரித்தாள், ஆர்வோவுக்கு ஒரு தட்டுப் பட்டாணி கொடுத்தாள்.

"ஜெயிச்சிருக்கலாமே நீ, சும்மா உக்காந்திருந்தா?" என்றார் அவர்.

"பருவம் முழுக்க அதானே பண்ணினோம். சாப்பிடு."

திங்கட்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் பேடல் தீர்மானத்தைப் படிக்க ஸிக்மார்ஸ் எழுந்தார். தொண்டை போயிருந்தது. "பே..." வரைக்கும்தான் வந்தது. "பே... பே..." என்று விழித்துவிட்டு உட்கார்ந்தார். குரல் திரும்பிய பிறகும் அந்தத் தாளை அவர் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்வரிசையில் இடம் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தார்.

புதன்கிழமை தலைமையகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. 'தெற்கு ரூஜா, ஆடாமலே வென்ற சாம்பியனாக அறிவிக்கப்படுகிறது. அதே நாளில், அதே அரங்கில், அனுமதியின்றிக் கூடைப்பந்து ஆடிய குற்றத்துக்காக இரு கழகங்களும் லீக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தேவை.'

மைரிதா ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. நின்றபடியே எழுதினாள்:

'மதிப்பிற்குரிய பொதுச்செயலாளர் அவர்களுக்கு. கூடைப்பந்து ஆடிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தங்கள் லீக்கின்மீது அந்தக் குற்றத்தை எவரும் எந்நாளும் சுமத்த முடியாது.'