இசபெல்லா கல்யாணத்துக்கு நான் வராத காரணம்

சேசு மரி சூசை துணை

சேலம்,
19 மே 1958

அன்புத் தங்கை ஞானமேரிக்கு அண்ணன் சின்னப்பராஜ் எழுதுவது. நானும் உன் அண்ணி ஆரோக்கியமும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். எடப்பாடிப் பக்கம் பரவும் காலரா உன் வாசற்படி ஏறாதிருக்க, ஜெபத்தில் உன் பெயரையும் உன் மகள் இசபெல்லா பெயரையும்தான் முதலில் சொல்கிறோம்.

நிற்க. இசபெல்லா கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. யார் சொன்னாலும் இந்த முடிவு மாறாது. தகப்பன் இல்லாத பெண்ணைக் கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப்போக என்னை விட்டால் ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு அழு.

நான் வர முயற்சி செய்யாதவனா? முன்கூட்டியே வந்து பந்தல் வேலையைப் பார்க்கலாம் என்று போன வாரமே புறப்பட்டேன். அதற்கு முதல் நாள் காலரா ஊசி போட்டுக்கொண்டேன். கை வீங்கிச் சட்டைக்குள் நுழையாததால் உன் அண்ணி சட்டைத் தையலைப் பிரித்துவிட்டாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு கூஜா எடுத்துக்கொண்டேன். வழியில் வெள்ளரிப் பிஞ்சு, சர்பத், ஈ மொய்த்த பலகாரம் எதையும் தொடுவதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியம் செய்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, உன் அண்ணி ஒரு தம்ளரோடு வந்து நிற்கும்வரை.

“வயித்துல பழசு தங்கியிருந்தா அதுலதான் காலரா வந்து ஒட்டிக்குமாம். இந்த விளக்கெண்ணெயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றாள். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வெள்ளைக்காரத் துரையையே எதிர்த்துப் பேசியவன் நான். குடித்துவிட்டேன்.

காக்காபாளையம் தாண்டியதும் எண்ணெய் வேலையைக் காட்டியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வேலிக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும். பக்கத்து சீட்டில் எடப்பாடி விவசாயி ஒருவர், மருதாசலம் என்று பெயர், “ஏனுங்க, மூஞ்சியே வெளுத்துப் போச்சுங்களே?” என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை, மறுபடி ஓடினேன். அந்தத் தடவை நான் திரும்பியபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் என் தோல்பெட்டியைக் கம்பால் தள்ளிப் புளியமரத்தடியில் விட்டிருந்தார்.

“ஐயோ சாமி, இவருக்குக் காலரா கண்டிருச்சுங்க!” என்று ஒரு அம்மாள் கத்தினாள். “வெறும் விளக்கெண்ணெய் அம்மா” என்றேன். நம்பவில்லை. ஊசி போட்டவன் என்று காட்டக் கையைத் தூக்கினேன். “பாருங்க, கையெல்லாம் வீங்கிப் போச்சு!” என்று இன்னும் நாலு அடி பின்வாங்கினார்கள். பஸ் போய்விட்டது. மருதாசலம் மட்டும் ஏறாமல் நின்றுவிட்டார். “உங்களை இப்படி ரோட்டுல உட்டுப்போட்டு நான் ஊட்டுக்குப் போயி எப்படிங்க சோறு திங்கறது?” என்று ஒரு மாட்டு வண்டி பிடித்து, மகுடஞ்சாவடியில் காலராவுக்காகப் போட்டிருந்த கொட்டகையில் என்னைச் சேர்த்தார்.

அங்கேதான், ஞானமேரி, எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த கட்டிலில் உன் வயதில் ஒரு பெண் படுத்திருந்தாள். கண் குழிந்து கிடந்தாள், தண்ணீர் கேட்கக்கூடக் குரல் இல்லை. சந்தையில் மோர் வாங்கிக் குடித்தாளாம், வேறு பாவம் எதுவும் செய்யவில்லை. நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவள் கண் திறந்து புருஷனைத் திட்டினாள். கொட்டகையே சிரித்தது, நான் மட்டும் அழுதேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். என் கதையைக் கேட்டு, “ஊசி போட்ட மறுநாளே பலன் தராதுங்க, உடம்புல பிடிக்கச் சில நாள் ஆகும். அதுக்குள்ள வயித்தையும் புண்ணாக்கிட்டுப் போறீங்க. காலரா வந்தா இந்த உடம்பு தாங்காது. வீட்டுக்குப் போங்க. இனி அவசியம்னா மட்டும் பிரயாணம் பண்ணுங்க” என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் கஞ்சி குடித்துத் தேறியிருக்கிறேன்.

ஆகவே சொல்கிறேன், நான் வரமாட்டேன். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாயிற்று, கல்யாணத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொன்னால், நடத்திக்கொள். ஆனால் பந்தியில் கொதித்து ஆறிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மோரும் பானகமும் வேண்டவே வேண்டாம். சோறு ஆவி பறக்க இலைக்கு வரட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாதவன் மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருந்தாலும் எழுப்பிவிடு.

இசபெல்லா நெற்றியில் என் பேரில் நீயே சிலுவை போட்டு அனுப்பு. மணமக்கள் பதினாறும் பெற்று, ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாமல் வாழ இங்கிருந்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் மாறாத உன் அண்ணன்
சின்னப்பராஜ்

பி.கு.: தபாலில் போட்டால் இது கல்யாணத்துக்கு மறுநாள்தான் உன் கைக்கு வருமாம். நான் வரமாட்டேன் என்பது உனக்கு முன்னாலேயே தெரிய வேண்டாமா? ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே இதைக் கொண்டுவருகிறேன். கோயில் வேலைகளுக்கு நடுவே நீ உடனே பதில் எழுத வேண்டாம். கல்யாணம் முடிகிறவரை இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன்.