நான்காம் பக்கத்தில் தொப்பி போட்டவர்

ஸ்காபரோ
18 நவம்பர் 1996

'வடதிசை' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் குளிரில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்லலாம், விசாரித்துப் பார்க்கவில்லை. இது ஒரு முறைப்பாடு. காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்து மற்றவர்களுடைய முறைப்பாடுகளைக் கோவைப்படுத்தியவன் நான். சொந்தமாக ஒன்று எழுதிப் பழக்கமில்லை. மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்து, இது ஆறாவது பிரதி. குறையிருந்தால் பொறுத்தருளவும்.

விடயம் இதுதான். ஒக்டோபர் 25ஆம் திகதி இதழின் நான்காம் பக்கத்தில் என் நண்பர் பொன்னம்பலம் அவர்களின் மரண அறிவித்தலும், பதினான்காம் பக்கத்தில் 'இந்தப் பாட்டைப் பாடியவர் யார்?' என்ற என் கட்டுரையும் வந்தன. இரண்டுக்கும் உரிய படங்களை நானே நேரில் கொண்டுவந்து தந்தேன். நீங்கள் பொன்னம்பலம் அண்ணையைப் பதினான்காம் பக்கத்தில் அமெரிக்கப் பாடகராகவும், அமெரிக்கப் பாடகரை நான்காம் பக்கத்தில் அமரர் பொன்னம்பலமாகவும் போட்டுவிட்டீர்கள்.

இது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அண்ணை உப தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னிலும் நான்கு வயது மூத்தவர், 1993இல் ஊரிலிருந்து இங்கே மகன் கஜீவனிடம் வந்து சேர்ந்தவர். கஜீவன் ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை, கூடப் போன அண்ணை வீட்டைப் பார்க்காமல், அடுத்த வளவில் பழைய சாமான் விற்றவர்களிடமிருந்து சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்றும் ஒரு பெட்டி இசைத்தட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் எழுபது வருடத்துக்கு முந்தியவை. அமெரிக்காவின் தெற்கிலே கறுப்பின மக்கள் பாடிய புளூஸ் என்கிற துயரப் பாட்டுகள். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற பெயரை நம்ப முடியாது என்று. ஒரே ஆளின் பாட்டைக் கொம்பனிகள் மூன்று பெயரில் விற்றிருக்கின்றன. ஒரு கொம்பனிக்குக் கையெழுத்து வைத்தவர் இன்னொன்றுக்குப் பொய்ப் பெயரில் பாடியிருக்கிறார். பக்கத்தில் இருந்து கிற்றார் வாசித்தவர் யார் என்று ஒருவரும் குறித்துவைக்கவில்லை. பலருக்குப் படமும் இல்லை, பிறந்த ஊரும் இல்லை, புதைத்த இடமும் இல்லை. பதிவுக் கந்தோரில் இருந்தவனுக்கு இதைக் கேட்டால் நித்திரை வருமா?

ஆகவே செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டு மணிக்கு அண்ணை வீட்டில் கூடி, பெயரைக் கடதாசியால் மறைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டு, மூச்சு, இருமல், பெருவிரல் போடுகிற தாளம் என்று கொப்பியில் கோடு கீறி எழுதினோம். எஸ்ரா பிக்கெற் என்ற பெயரில் இரண்டு தட்டு, டீக்கன் லோ என்ற பெயரில் ஒன்று. அண்ணைக்கு முதல் நாளே தீர்ப்பு முடிந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே ஆள், அருள். மூச்சை இழுக்கிற இழுவையைக் கேளும்!"

"இருக்கலாம், அண்ணை."

"இருக்கலாம், இருக்கலாம்! நான் செத்தாலும் நீர் 'இறந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது' எண்டுதான் எழுதுவீர்."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி யோகமலர் அக்கா சத்தம் போடுவா: "அந்த மனுசன் உப்பிடி அழுறார். ரெண்டு கிழடும் இருந்துகொண்டு ஆர், ஆர் எண்டு பேர் கேக்கிறியள். ஏன் அழுறாரெண்டு ஒருக்கா கேளுங்கோவன்!"

அந்தக் கேள்விக்கு எங்கள் கொப்பியில் கோடு இல்லை.

பிறகு ஒரு தட்டின் உறைக்குள்ளிருந்து சின்னப் படம் ஒன்று விழுந்தது. தொப்பி போட்ட ஒருவருடைய முகம் மட்டும். இவர்தான் பிக்கெற் என்று அண்ணை சத்தியம் பண்ணினார். தட்டை வைத்திருந்தவரின் சித்தப்பாவாகவும் இருக்கலாமே என்றேன். ஒன்பது மாதம் வாதாடி, 'பிக்கெற் எனக் கருத இடமுண்டு' என்று உடன்பட்டுக் கட்டுரையை முடித்தோம். அச்சில் பார்க்க வேண்டும் என்று அண்ணைக்குப் பெரிய ஆசை. ஒக்டோபர் 23, புதன்கிழமை விடியப்புறம் நெஞ்சு நோ என்றவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அன்று யோகமலர் அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என்னிடம் தந்தா. அண்ணைக்கு நாற்பது வயதில், தபாற்கந்தோர் அடையாள அட்டைக்கு எடுத்தது. ஊரில் வீட்டோடு அல்பங்கள் போன பிறகு மிஞ்சியது அது ஒன்றுதான். "பாஸ்போட் படத்திலை கள்ளன் மாதிரி நிக்கிறார். இதிலைதான் இவர் இவராய் இருக்கிறார். கவனம், தம்பி" என்றா.

வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் பிரித்தபோது முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். பூதக்கண்ணாடி எடுத்தேன். எல்லாம் சரிபார்த்து முடித்து நான் அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள், கஜீவன் நான்காம் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசலில் வைத்துவிட்டான். பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நாற்பது வயதில் அவன் பிறக்கவே இல்லை. பதினேழு வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டவன், பிறகு அப்பாவைக் கண்டது விமான நிலையத்தில். உங்கள் அச்சிலோ எல்லா முகமும் கரி பூசித்தான் வரும்.

சனம் வரிசையில் நின்று அந்தத் தொப்பிக்காரருக்குப் பூப் போட்டது. "இளமையிலை சரியான ஸ்டைல்காரன் போல" என்றார் ஒருவர். "வெயிலுக்கை சைக்கிளிலை தந்தி கொண்டு திரியேக்கை தொப்பி போடுவாராக்கும்" என்றார் மற்றவர். பெட்டிக்குள் கிடந்த முகத்தையும் வாசலில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஒரு அம்மா, "வருத்தம் ஆளை எப்பிடி மாத்திப்போட்டுது" என்று கண்ணைத் துடைத்தா. நான் நான்கு அடி தள்ளி நின்றேன். இது அண்ணையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யோகமலர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உது ஆர்?" என்று கேட்டா. "உறுதியாத் தெரியாது அக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன கிழமை மல்வேர்னிலிருந்து கிளடிஸ் என்ற ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டா. உங்கள் அலுவலகம்தான் என் இலக்கத்தைக் கொடுத்ததாம். "அங்கிள், பதினாலாம் பக்கத்திலை இருக்கிறவர் எங்கடை போஸ்ற்மாஸ்ரர் எல்லே? அவர் எப்ப அமெரிக்காவுக்குப் போய்ப் பாடினவர்?" அறுபத்தாறாம் ஆண்டு அவவுடைய தகப்பன் கொழும்பில் இறந்த தந்தி வந்தபோது, பியோன் இல்லையென்று அண்ணை கந்தோரைப் பூட்டிவிட்டுத் தானே மூன்று மைல் சைக்கிளில் வந்தாராம். வீட்டார் வாசித்து முடிக்கும்வரை நின்று, பிறகு போய்த் துணைக்கு அவவுடைய மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத்தான் திரும்பினாராம். "முப்பது வருசம், அங்கிள், கண்டவுடனை தெரிஞ்சுது. ஆள் எங்கை இருக்கிறார்? ஒருக்கா போய்ப் பாக்க வேணும்." நான் சொன்னேன். அவ பேப்பர் பக்கங்களைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "அந்தப் பேப்பரிலை செத்த ஆக்களின்ரை பக்கத்தையும் பாத்தனான், அங்கிள். எங்களுக்கு அவர் போஸ்ற்மாஸ்ரர்தானே, பேர் தெரியாது. தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லையெண்டு பக்கத்தைத் திருப்பிப்போட்டன்."

ஐயா, எங்களைத் தவிர அந்தப் படத்து முகத்தை அறிந்த ஒரே ஆள் செத்த வீட்டுக்கு வரவில்லை. வந்தவர்கள் யாரென்றே தெரியாத ஒருவருக்கு அழுதுவிட்டுப் போனார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியை. யோகமலர் அக்கா நேற்று கஜீவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறா: "அதுக்கு முதல் இவரைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லு. இல்லையெண்டால் அந்த ஆளை வர வேண்டாமெண்டு சொல்லு." அந்த ஆள் நான்தான். ஆகவே அன்று காலை வரும் இதழில், அதே நான்காம் பக்கத்தில், அதே அளவில் சரியான படம் வர வேண்டும். இரண்டு படங்களையும் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். தவறு யாருடையது என்பதையும் மழுப்பாமல் பெயர் குறிப்பிட்டு அச்சிட வேண்டும். இதைவிடக் கடுமையாக எழுத எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது பிரதி கொஞ்சம் கடுமையாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

தங்கள் பத்திரிகை நீண்ட காலம் வரவும், தங்கள் குடும்பத்தார் நோயின்றி இருக்கவும் வேண்டிக்கொண்டு,

இங்ஙனம்,
வி. அருள்நாயகம்

பிற்குறிப்பு: இதை உறையிலிட்டு ஒட்டுவதற்குள் உங்கள் தபால் வந்துவிட்டது. இரண்டு படமும் மடங்காமல் இருக்கின்றன. 'பின்னால் எழுதியிருந்தபடிதான் போட்டோம் ஐயா' என்ற துண்டையும் வாசித்தேன். திருப்பிப் பார்த்தேன். பென்சில் எழுத்து, என் கை. தொப்பிக்காரரின் பின்னால் 'அமரர் பொன்னம்பலம்', அண்ணையின் பின்னால் 'எஸ்ரா பிக்கெற்'. அன்று புதன்கிழமை, அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'அமரர்' என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு படத்தையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுதினேன். ஆகையால் மேலே உங்களைப் பற்றி எழுதிய அனைத்தையும் என்னைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளவும். தவறு செய்தவரின் பெயரைப் போடும் இடத்தில் என் பெயரைப் போடவும். அண்ணையின் படத்தை இனித் தபாலில் விட மாட்டேன். நாளைக் காலை நானே கொண்டுவருவேன். ஆனால் முதலில் யோகமலர் அக்காவிடம் போய் இது என் கைப்பிழை என்று சொல்ல வேண்டும். அவ கதவைத் திறந்தால் பதினொரு மணிக்கு உங்களிடம் வருவேன். திறக்காவிட்டால் பத்து மணிக்கே வந்துவிடுவேன்.