உனக்கு ஏன் மறுபடி வந்தது தெரியுமா?

மனித இனத்தில் இப்படியும் ஒரு வகை உண்டு. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் பூங்கொத்தோடு வருபவர்கள் முதல் வகை. வராமலேயே இருப்பவர்கள் இரண்டாவது வகை, அவர்களை மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகை, கேள்விகளோடு வருபவர்கள். நோய் என்ன என்பதில் இவர்களுக்கு அக்கறையில்லை, அது டாக்டர் பாடு. போன நோய் மறுபடி ஏன் தலைகாட்டியது, அதற்கு நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள் என்பதுதான் இவர்கள் துறை.

கனெக்டிகட்டில் எங்கள் ஊரில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. இங்கே ஆளைவிட மான் அதிகம், மானைவிட உண்ணி அதிகம். உண்ணி கடித்து லைம் நோய் வராத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடித்த உண்ணியை டாக்டரிடம் காட்ட டேப்பில் ஒட்டி, தேதி எழுதி, ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்துகிறவர்கள் நாங்கள். இந்த மண்ணில் விளைந்த மாணிக்கம்தான் எல்வுட் பெக். பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கும் லைம் வந்தது. மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டார், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நிபுணர்.

அவருடைய சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஊர்க் குப்பைக் கிடங்கில் நடக்கும். எல்லோரும் குப்பையைக் காரில் போட்டுக்கொண்டு அங்கேதானே வந்தாக வேண்டும்? நீங்கள் பாட்டில்களை ஒரு தொட்டியிலும் அட்டைகளை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வரும்.

"முட்டி வலிக்குதா? நடையிலயே தெரியுது. கேக் சாப்பிட்டியா?"

"இல்லையே, எல்வுட்."

"சரியாத் தூங்கலையா?"

"நல்லாத்தான் தூங்கினேன்."

"அப்போ மனசுல ஏதோ இருக்கு. யார்கூட சண்டை?"

இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தப்பித்தவர் எவருமில்லை. யாரோடும் சண்டையில்லை என்றால், உள்ளே அடக்கி வைத்திருக்கிறாய், அது இன்னும் ஆபத்து என்பார்.

இவரிடம்தான் வின்னி ஹாலோவே வசமாக மாட்டினாள். எங்கள் ஊர் நடனங்களுக்கு வாசிக்கிற குழுவில் அவள் வயலின், நான் பியானோ. போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு லைம் வந்து குணமானது. வசந்தத்தில் மூட்டு வலியும் அசதியும் திரும்பி வந்தன. சிலருக்கு இப்படி நீடிக்கும், ஏன் என்று சரியாகத் தெரியாது, மெதுவாகக் குறையும் என்று டாக்டரம்மா சொன்னார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லலாமா? எல்வுட்டுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீடு வேறு.

முதலில் கேக் போயிற்று, அப்புறம் காபி, அதற்கப்புறம் தேனும் ஜாமும். நிலவறையில் பூஞ்சை இருக்கிறது என்று துணி துவைக்க அங்கே இறங்குகிற வழி அடைபட்டது. வெர்மான்ட்டில் இருக்கிற அக்காவோடு திரைச்சீலையின் நிறம் பற்றிப் போனில் வாக்குவாதம் நடந்ததைக் கேட்டுவிட்டதால் அக்காவும் தடை செய்யப்பட்டாள். மழையில் நனையக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, தேர்தல் செய்தி கேட்கக் கூடாது. கடைசியில், கைக்கு உழைப்பு மனசுக்குப் பரபரப்பு என்று வயலினும் பெட்டிக்குள் போனது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவர் ஒன்றே ஒன்றைக் கொடுத்தார். தன் நாயை.

"ஹோமர் மடியில படுத்தா மனசு தன்னால அடங்கிடும், கண்ணு."

தினமும் சாயங்காலம், இடுப்பளவு புல்லில் முயல் துரத்திவிட்டு ஓடிவருகிற ஹோமரை அப்படியே அவள் மடியில் ஏற்றிவிட்டு, அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கறைதான், சந்தேகமில்லை.

ஜூலையில் நடனம், வயலின் இல்லாமல் யார் ஆடுவார்கள்? அதுகூடப் பெரிதில்லை. வின்னி வலிக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். "முட்டி வலிக்குது, தப்பு என்னோடதுதான், நேத்து ஜாமைத் தொட்டுட்டேன்" என்பாள். நாற்பது வருஷமாக ஊரையே ஆட்டி வைத்தவள், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

ஜூனில் ஒரு நாள் காய்ச்சல். எல்வுட் ஆஜர்.

"நேத்து என்ன பண்ணினே?"

"ஒரு பாட்டு வாசிச்சேன்," என்றாள் போர்வைக்குள்ளிருந்து. "ஒண்ணே ஒண்ணு."

"பார்த்தியா!" அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

வின்னி என்னைக் கூப்பிட்டாள். "அந்த வயலினை எடுத்துட்டுப் போயிடு. வித்துடு. வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது."

நான் வயலினையும் அவளையும் சேர்த்துக் காரில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். எல்வுட்டும் சாட்சி சொல்லக் கூடவே ஏறிக்கொண்டார். டாக்டரம்மா ஜாம் பற்றிக் கேட்கவில்லை, அக்கா பற்றிக் கேட்கவில்லை. முழங்காலுக்குப் பின்பக்கம் பார்த்தார். சாஸர் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம்.

"பழசு திரும்பி வரலை. இது புது உண்ணிக் கடி. வீட்ல நாய் இருக்கா?"

"என்கிட்ட இல்ல," என்று சொல்லிவிட்டு வின்னி மெதுவாக எல்வுட் பக்கம் திரும்பினாள்.

மனிதர் தடுமாறினாரா? ஒரே ஒரு நொடி.

"உண்ணி ஏறாம பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கிட்டா உட்கார்ந்திருந்தே? இல்லல்ல? அதான்!"

"என் வீட்டு சோபாவுலயா, எல்வுட்?"

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்போ நான் ஒண்ணும் பண்ணலை," என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "குடு என் வயலினை."

ஜூலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று பாட்டு வாசித்தாள், நடுவில் ஒரு பெரிய துண்டு கேக் சாப்பிட்டாள். மண்டபம் அதிர்ந்தது. மறுநாள் பழைய வலி எழுந்து வந்துவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒரு கூடை ஸ்ட்ராபெரியோடு பார்க்கப் போனேன். போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"மூணாவது பாட்டு வேண்டாம்னு எனக்கு அப்பவே தோணுச்சு," என்றேன்.

வின்னி கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். புல்லில் புரண்டு வந்த நாயை மடியில் ஏற்றிக்கொள்ள இவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று பாதியிலேயே முணுமுணுத்தீர்களே, எனக்குக் கேட்காமல் இல்லை.