நானே சேர்த்துக்கொண்ட சித்தப்பா

என் மனைவியை எனக்குத் தங்கை ஆக்கியவன் நான்தான். அதுவும் ஊரறிய, இணையத்தில், அவளுடைய போட்டோவோடு.

அப்போது எனக்குக் குடும்ப மரம் போடும் பைத்தியம் பிடித்திருந்தது. பெயர்களைக் கொடுத்தால் வம்சத்தையே படமாக வரைந்து காட்டும் ஓர் இணையதளம் கிடைத்தது. எங்கள் வம்சமோ தாத்தாவோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதை மரம் என்று சொல்ல முடியாது, செடி. எனக்கு மானம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் அந்தோணி சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். சூரியநெல்லி பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு போட்டது அவர் வீடுதான். பிறகு ஏலத்தோட்ட வேலைக்காக வண்டன்மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஜீப்பில் வந்து இறங்குவார். அவரை விட்டுவிட்டு மரம் போட்டால் நான் மனிதனா?

இணையதளம் உறவுமுறை கேட்டது. ‘அடுத்த வீடு’ என்று அதில் ஒரு கட்டம் இல்லை. ‘அப்பாவின் தம்பி’ என்பதை அழுத்தினேன். அவர் மகள் ஸ்டெல்லாவையும் சேர்த்தேன். (அவள் போட்டோவைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் ஆனது என்பதை இப்போது சொல்லலாம்.) அதே ஜோரில் லயத்தையே அண்ணன் தம்பி ஆக்கி, எங்கள் சர்ச்சின் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிட்டார்கள்.

அடுத்த வருடம் ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு படிக்கிற அறிவிப்பு அது. பூசை முடிந்ததும் பக்கத்து எஸ்டேட் சூசை அண்ணன், மனசாட்சிக்குப் பயந்தவர், போனை எடுத்துக்கொண்டு புதிதாக வந்திருந்த சாமியாரிடம் போனார்.

சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “தம்பி, சித்தப்பா மகளையா கட்டப்போறீங்க?”

“சாமி, அது தப்பு.”

“எது தப்பு? இதுல போட்டதா, கல்யாணமா?”

விஷயம் தெளிகிற வரை அடுத்த ஓலை வாசிக்க முடியாது என்றுவிட்டார். வெளியே வந்து முதல் வேலையாகச் சித்தப்பாவை அழித்தேன். உடனே இணையதளம், ‘உங்கள் சித்தப்பா ஒருவர் விடுபட்டிருக்கிறார். சேர்க்கலாமா?’ என்று பரிவோடு கேட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் என் மரத்தை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். இணையதளத்துக்குப் புகார் எழுதினேன். அவர் உறவு இல்லை என்பதற்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள்.

ஸ்டெல்லா போனில் வந்தாள். “கல்யாணம் நடக்குமா, நடக்காதா? அத மட்டும் சொல்லு.”

சாட்சி கொண்டுவருகிறேன் என்று சாமியாரிடம் போய் நின்றேன்.

இரண்டு பேர் போதும் என்றார். லயமே வந்தது. பக்கத்து லயமும் வந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வேலை உடுப்போடு வந்தவர்களும் இருந்தார்கள். முதலில் பேசியவர் கோவில்பிச்சை மாமா.

“சாமி, ரத்த சொந்தம் ஒண்ணுமே கெடையாது. இவன் அப்பன் சங்கரன்கோயில் பக்கம், அந்தோணி போடி பக்கம். ஆனா கூடப்பொறந்த தம்பிகூட அப்பிடிப் பாக்க மாட்டான் சாமி!”

“அப்ப தம்பியா, இல்லையா?”

“தம்பி இல்ல சாமி. தம்பிக்கும் மேல.”

சாமியார் தலையில் கை வைத்தார். அடுத்து வந்த மரியக்கா, “இந்தப் பயல வளத்ததே அந்தோணி பொண்டாட்டிதான்” என்று எனக்கு உதவி செய்தார். ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் கல்யாணம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது.

கடைசியில் வண்டன்மேட்டிலிருந்து வந்திருந்த அந்தோணி சித்தப்பாவே எழுந்தார். “சாமி, நானும் இவன் அப்பனும் அண்ணன் தம்பின்னா, இத்தன வருசத்துல ஒரு தடவையாவது பேச்சுவார்த்தை இல்லாம இருந்திருப்போம்ல?”

சாமியாருக்கு அண்ணன் தம்பிகள் அதிகம் என்று பிறகு தெரிந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அடுத்த ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறேன்” என்றார்.

உறவில்லை என்று சத்தியம் பண்ண வந்த அத்தனை பேரும் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து வெங்காயம் உரித்தார்கள். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளைக் கோலத்தில் அழுதேன். அந்த நன்றி இன்றும் குறையவில்லை. பயந்து அழுததாக ஸ்டெல்லா சொல்லித் திரிகிறாள்.

மரத்தில் அந்தோணி சித்தப்பாவை மாமனார் கட்டத்துக்கு மாற்றினேன். “என்னடா, என்னைய எறக்கிட்ட?” என்று கோபித்துக்கொண்டார். அதனால் நேரில் இன்றும் சித்தப்பாதான். அதில்தான் வம்பு. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் சமையலறையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வருகிறது.

“அண்ணே, சோறு ஆறுது.”