குங்கிலியம் தூவிய ஸ்போர்ட்ஸ் கார்

எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பதில்லை. நான் வருவது தெரிந்தால் ஸ்கூட்டர் சாவியைக்கூட ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன். இப்போது கூத்தாநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மெஷின் மக்கர் செய்தால் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வேலையை முடிக்கும்வரை தெருவில் போய் நின்றுகொள்வேன். (கையைக் கட்டிக்கொண்டு. அது முக்கியம்.)

இந்த ஞானம் எனக்கு இருபத்து நான்கு வயதில் செங்கிப்பட்டி ரோட்டோரத்தில் வந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு இரண்டு பேர்.

ஒருத்தி என் அக்கா ஜைனம்பு. இன்னொருவர் ஹாஜா மச்சான். அவளுடைய வீட்டுக்காரர். கல்யாணமான இரண்டாம் மாதம் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போனவர், பதினாறு வருஷம் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவு. அக்கா எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். அந்த ஒரு மாதமும் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தைலம் கேட்டு வருகிறவர்கள், விசா கேட்டு வருகிறவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்து மூன்று நாள் தங்குகிறவர்கள். அக்கா அடுப்படியில் கிடப்பாள், மச்சான் கூடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை.

எஸ்.டி.டி. பூத்தும் கேபிள் டிவியும் ஊருக்குள் நுழைந்த காலம் அது. மச்சான் ஊரோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தார். வருவதற்கு முன்னால் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். சிவப்பு நிறத்தில் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். அந்த நாட்டில் கார் பழசானால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்களாம், மலிவாகத் தள்ளிவிடுவார்களாம். மச்சானுக்கு முன்னாலேயே கார் லாரியில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்து இறங்கியது. உயரம் என் இடுப்புக்குக்கூட இல்லை. அத்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மீதிக் கார் எப்போது வரும் என்று கேட்டார்.

அன்று பூத்துக்கு மச்சானின் போன் வந்தது. என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். எஞ்சினுக்குள் ஒரு பெல்ட் தேய்ந்திருக்கிறது, புது பெல்ட் டிக்கியில் இருக்கிறது, இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பார்க்கிற சாமுவேல் என்ற மெக்கானிக் மெட்ராஸிலிருந்து வந்து மாட்டுவார் என்பது ஒன்று. இரண்டாவதைச் சொல்வதற்குள், பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று மூன்று முறை கேட்டார்.

"ஏர்போர்ட்டுக்கு வேன் கீன்னு யாரும் வர வேணாம்னு சொல்லிரு. அக்கா மட்டும் வரட்டும். நீ கூட்டிட்டு வந்து என்கிட்ட சாவியக் குடுத்துட்டு பஸ்ல வந்துரு. வண்டில ரெண்டே சீட்டுதான் நஜீரு. மூணாவது ஆள் ஏறவே முடியாது. அதுக்குத்தான் வாங்குனேன்."

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து சபுராளி வருகிறார் என்றால் திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு வேன் ஜனம் மாலையோடு போவது வழக்கம். வர வேண்டாம் என்று சொன்னால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை. அக்கா மட்டும் போய்ப் புதுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த சாமுவேலுக்கு நான் போன் செய்தேன். புதன்கிழமை வருகிறேன் என்றார். அதுவரை பானட்டைத் திறக்க வேண்டாம், தூசி துடைப்பதானாலும் வெளியே மட்டும் துடைக்கச் சொன்னார். தான் வரும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்? வடபாதிமங்கலம் வரைக்கும் எந்த வயலில் டீசல் எஞ்சின் நின்றாலும் என்னைத்தான் சைக்கிளில் வந்து கூப்பிடுவார்கள். தண்ணீர் இறைக்கிற எஞ்சினும் எஞ்சின், ஓடுகிற எஞ்சினும் எஞ்சின். இதற்கு மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டுமா? மறுநாளே திரும்பவும் போன் போட்டு, நீங்கள் வர வேண்டாம், இங்கேயே ஆள் இருக்கிறது என்றேன். யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இதுவரை என்னென்ன வண்டி பார்த்திருக்கிறேன் என்று கேட்டார். பம்புசெட் என்றேன். (பூத்தில் மீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.)

"சரிங்க தம்பி. ஒரே ஒரு உதவி செய்யுங்க. யாராவது கேட்டா என் பேரச் சொல்லாதீங்க."

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெல்ட்டை நான் சரியாகத்தான் மாட்டினேன். காரோடு வந்த புத்தகத்தில் எழுத்து ஜப்பான் பாஷையில் இருந்தாலும் படம் தமிழர்களுக்கும் புரியும்படி இருந்தது. சக்கரங்களில் இருந்த கோடுகளைப் படத்தில் உள்ளபடி நேராக வைத்து, இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். அதோடு மூடியைப் போட்டு மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை பெல்ட்டைப் பார்த்தேன். மொழுமொழுவென்று, ஒரு பிடிமானமும் இல்லாமல் இருந்தது. பம்புசெட்டில் எஞ்சினையும் பம்பையும் சேர்க்கிற பட்டை பெல்ட் வழுக்கினால் என்ன செய்வோம்? நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி மாதிரி மணக்கிற குங்கிலியப் பிசின் வாங்கிப் பொடித்து ஓடுகிற பெல்ட்டில் தூவுவோம். கப்பென்று பிடித்துக்கொள்ளும். ரைஸ்மில்லிலும் அதேதான். இந்த டெல்டாவில் குங்கிலியம் காணாத பெல்ட்டே கிடையாது. அந்தப் பெல்ட்டுக்குப் பல் கிடையாது, இந்தப் பெல்ட்டுக்குப் பல் இருக்கிறது, பல்லே பிடித்துக்கொள்ளும், பல்லிடுக்கில் எதுவும் அடையக் கூடாது என்பதை யோசிக்கிற மூளை எனக்கு அன்று இல்லை. மச்சானுக்குப் போகிற வண்டி, குறை வைக்கக் கூடாது என்று இரண்டு கைப்பிடி தாராளமாகத் தூவினேன். அக்காவின் மிக்ஸியில்தான் பொடித்தேன். சாம்பிராணி போடவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வண்டி ஒரே திருகில் கிளம்பியது. வெட்டாற்றுப் பாலம் வரை போய் வந்தேன். தெருவே வாசலில் நின்றது. மெட்ராஸ் மெக்கானிக்கை மனசுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். மச்சானின் விமானம் மதியம் ஒரு மணிக்கு. அக்கா கத்திரிப்பூ நிறப் புடவையில், முக்காடு நழுவாமல் பின் குத்திக்கொண்டு, காருக்குள் ஏற வழி தெரியாமல் கடைசியில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். அறுவடைக் காலம். நீடாமங்கலம் வரைக்கும் ரோட்டில் நெல் காய்ந்தது. எங்கள் கார் இருக்கிற உயரத்துக்கு நெல்லை இரண்டு பக்கமும் வாரித் தள்ளிக்கொண்டே போனது. வழிநெடுக வசவு. அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வரும்போது மச்சான் ஓட்டுவாரே, தஞ்சாவூரில் எங்கேயாவது நிறுத்தி இரண்டு பேருமாக ஒரு காபி குடித்தால் யாராவது தப்பாக நினைப்பார்களா என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்கள்.

வல்லம் தாண்டியதும் வாசனை வந்தது. சாம்பிராணி வாசம் அடிக்கிறதே என்றாள் அக்கா. பக்கத்தில் ஏதாவது தர்கா இருக்கும் என்றேன். செங்கிப்பட்டி தாண்டியதும் எஞ்சினுக்குள் யாரோ ஒரு பை நட்டு போல்ட்டைக் கொட்டின மாதிரி சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

உருகின குங்கிலியம் பெல்ட்டின் பல்லிடுக்கெல்லாம் அடைந்து, பெல்ட் தாவி, எஞ்சினுக்குள் எதெது ஒன்றோடொன்று மோதக் கூடாதோ அதெல்லாம் மோதிவிட்டது. இதை எனக்குப் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு நான் பானட்டைத் திறந்து, அஞ்சு நிமிஷம்க்கா என்றேன்.

மணி பதினொன்றே முக்கால். திருச்சிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிற ரோடு. முதல் பஸ் வந்தபோதே, இதிலே போயிருவோமாடா என்று அக்கா கேட்டாள். புது வண்டியை ரோட்டில் போட்டுவிட்டுப் போனால் மச்சான் என்ன நினைப்பார் என்றேன். அடுத்த பஸ்ஸுக்குக் கேட்டாள். இதோ முடிந்தது என்றேன். முடிகிற வேலையா அது? அந்தக் காரைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லி, அக்காவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் பஸ்ஸில் போய் மச்சான் முன்னால் இறங்குவதா? என்னால் முடியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அக்கா முக்கியமில்லை, மச்சான் முக்கியமில்லை, என் மானம்தான் முக்கியம். இப்படி எழுதும்போது இன்னும் கூசுகிறது.

இரண்டரை மணி வரைக்கும் அவள் வெயிலில் நின்றாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். தனியாக மன்னார்குடிக்குக்கூடப் போயிராதவள். பஸ் நின்றது. நான் கையெல்லாம் கரியோடு ஓடிப்போய், எங்கே போறக்கா என்றேன்.

"எம் புருஷனக் கூப்புட" என்றாள் படியில் நின்றுகொண்டு. பஸ் போய்விட்டது.

அரைமணி நேரம் கழித்து எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்சி வந்து நின்றது. மேலே பெட்டிகள் கட்டியிருந்தன. ஹாஜா மச்சான் இறங்கினார். கூட வந்தவர்களுக்கெல்லாம் வேன் வந்து, மாலை விழுந்து, பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு அழுது, எல்லாரும் போன பிறகும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாராம். வர வேண்டாம் என்று சொன்னவரே அவர்தானே, யாரைக் கேட்க? ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோய் டாக்சி பிடித்திருக்கிறார்.

காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். அவ எங்கே என்று கேட்டார். உங்களைக் கூப்பிட பஸ்ஸில் போயிருக்கிறாள் என்றேன். பானட்டுக்குள் விரலை விட்டுப் பழுப்பு நிறப் பிசினைத் தொட்டு மோந்து பார்த்தார். பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவர், எங்கள் பக்கத்து வயற்காட்டில் வளர்ந்தவர். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வண்டி போனாப் போவுது. மொத பஸ்லயே அவள ஏத்தி விட்டுருக்கலாமேடா."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டாக்சியைத் திருப்பிக்கொண்டு திருச்சிக்கே போனார். அதோடு முடிந்ததா? அக்கா திருச்சி டோல்கேட்டில் இறங்கி, பஸ் மாறி, கேட்டுக் கேட்டு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சிங்கப்பூர் விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்ப பஸ் ஏறிவிட்டாள். மச்சான் உள்ளே போகிற நேரம் அவள் டோல்கேட்டில். நான் ரோட்டோரத்தில் நின்று அவளுடைய பஸ் தஞ்சாவூர் பக்கம் போவதைப் பார்த்தேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தாள், பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மச்சானின் டாக்சியும் அதே பக்கம் போனது. அதுவும் நிற்கவில்லை.

பதினாறு வருஷம் கழித்து ஊரோடு வந்த மனுஷனும் அவர் பெண்டாட்டியும் தனித்தனியாக வீடு வந்து சேர்ந்தார்கள். அக்கா ராத்திரி இஷா பாங்குக்கு முன்னால், மச்சான் பின்னால். அதற்குள் வீட்டில் அறுபது பேர். அக்கா அந்தப் புடவையோடு நேராக அடுப்படிக்குப் போய்விட்டாளாம்.

மறுவாரம் சாமுவேல் வந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். இது இனி எஞ்சின் இல்லை என்றார். யார் கை வைத்தது என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரோ வழியில் பார்த்த ஆள் என்று மச்சான் சொல்லிவிட்டார். சாமுவேல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஆளை விட்டுவிடாதீர்கள், பம்புசெட்டுக்கு நல்ல ஆளாக இருப்பான் என்றார். கார் நெல் மூட்டைகளோடு கொட்டகையில் கிடந்து, எலி ஒயரைத் தின்று, ஒருநாள் பழைய இரும்புக்குப் போனது.

மச்சானுக்கு ஊரில் எதுவும் சரியாக அமையவில்லை. எட்டு மாதத்தில் திரும்ப சிங்கப்பூர் போனார். இந்தத் தடவை இரண்டு வேன் ஜனம் வழியனுப்பப் போனது. இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு சர்க்கரை வியாதியோடு வந்தார். அதற்குப் பிறகும் எங்கே போனாலும் பேரன், பேத்தி, மருமகன் என்று வேன்தான். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம், யாரையும் தனியாக விடத் தெரியாது.

போன வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவர் மௌத்தானார். பகல் பதினோரு மணி. உடலை ஆம்புலன்ஸில் ஏற்றியதும், கூடப் போக நாங்கள் ஏழெட்டுப் பேர் முண்டியடித்தோம். அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"எல்லாரும் பஸ்ல வாங்க. இதுல நாங்க ரெண்டு பேருதான்."

உள்ளே ஏறி உட்கார்ந்தவள், முன்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அழுது வீங்கின முகம்.

"ஏண்டா நஜீரு, ஓட்டுறது நீ இல்லையே?"

இல்லக்கா என்றேன். கதவு சாத்தினார்கள்.

மச்சானின் தங்கைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நாங்கள் எல்லோருமே சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தோம். எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, வண்டி கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். தஞ்சாவூரிலிருந்து வீடு வரைக்கும் ஒன்றரை மணி நேரம் அவரிடம் என்ன பேசிக்கொண்டு வந்தாள் என்று மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.