மஞ்சள் காருக்கு முதல் ஆயில் இறக்கிய விவரம்

சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் லாயிடுக்கு உன் அம்மா அல்போன்சா எழுதுவது. வலது முழங்கையும் இடுப்பும் தவிர நான் இங்கே சுகம். அங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஏசிக் காற்றில் சளி பிடிக்காமல், உடம்பு தேறி இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு அம்மா எதுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் நான் கார் என்று வாயைத் திறந்தாலே "மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கும் மீட்டிங் என்றாய். அந்த நேரத்தில் கோயிலில் பூசை இருக்கும், எந்தக் கம்பெனியில்டா மீட்டிங் இருக்கும்? கடிதம் என்றால் உன்னால் நடுவில் வைக்க முடியாது, அதுதான். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கறை இருந்தால் அது ஆயில்.

விஷயத்துக்கு வருகிறேன். காரை வித்துவிடலாம் என்று நீ சொன்னதுக்கு எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளை தாராளமாக அனுப்பு. உனக்குக் கஷ்டமாக இருந்தால் நீ வரவேண்டாம். நான் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவேன், அழமாட்டேன். ஆனால் அப்பா சொன்ன வேலை ஒன்று பாக்கி கிடந்தது, அதை முடிக்காமல் காரை அனுப்பினால் அவருக்கு மனசு ஆறாது என்று நேற்று நானே முடித்துவிட்டேன். ஆயிலை மாற்றிவிட்டேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். எந்தப் புது வண்டி வந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் முதல் ஆயிலை நம்ம காம்பவுண்டில்தான் இறக்கணும், அதில் ஒரு சொட்டை கேட் கீலில் விடணும், அப்போதுதான் வண்டி எங்கே போனாலும் இந்த கேட்டுக்குத் திரும்பி வரும் என்பார் அப்பா. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிக்கிறது எல்லாம் அவருக்கு அதுக்கு அப்புறம்தான். ஸ்கூட்டருக்குச் செய்தார், வேனுக்குச் செய்தார், உன் பைக்குக்கும் செய்தார். பைக் ஒருநாளும் தவறாமல் திரும்பி வந்தது, நீதான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு லேட்டாக வந்தாய். இந்த மஞ்சள் காருக்குத்தான் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தது. "புது ஸ்போர்ட்ஸ் காருப்பா, கம்பெனிக்காரன் பத்தாயிரத்துக்கு மாத்தினா போதும்ங்கறான், நீங்க கை வெச்சா வாரண்டி போயிடும்" என்று நீ கத்தினாய். "போகட்டும்டா, வாரண்டி போனா நான் இருக்கேன்" என்றார் அவர். நீ காரை இங்கேயே விட்டுவிட்டு கேப் பிடித்துப் போய்விட்டாய். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அவர் சரிவுக் கட்டை ரெண்டு போட்டு முன் சக்கரத்தை மேலே ஏற்றினார், கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு நாய் பிஸ்கட் கேட்கிற மாதிரி நின்றது, கையைக் கழுவினார், டீ போடு என்றார். நான் டீயைக் கொண்டுவந்தேன், குடிக்க ஆள் இல்லை. நாலு மாசமாகக் கார் அப்படியேதான் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நேற்று காலையில் கேட் கத்தியது. அப்பா போனதிலிருந்து யார் திறந்தாலும் அது கத்துகிறது, நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்க்கிறேன். பார்த்தால் பால்காரன். அப்போதுதான் இன்றைக்கே செய்துவிடுவோம் என்று தோன்றியது. ஆயில் கேனும் பில்டரும் அவர் வாங்கி வைத்த இடத்திலேயே, திரு இருதயப் படத்துக்குக் கீழே இருந்தது. பின்கட்டு ஆணியில் வேலைக்கு என்று ரெண்டு பழைய சட்டை மாட்டியிருந்தார், ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு. சண்டை போட்டுக்கொண்டு போனவனுக்கு எதுக்கு சட்டை என்று நான் அன்றைக்கே கேட்டேன். "கோபம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும், ஞாயித்துக்கிழமை வந்து எனக்கு முன்னாடி அடியில படுத்திருப்பான் பாரு" என்றார். இதை உன்னிடம் போனில் சொல்லத்தான் நாலு மாசமாகப் பார்க்கிறேன். அவருக்கு உன்மேல் ஒரு துளி வருத்தம் இல்லை கண்ணு.

சரி, அழாமல் மேலே படி. நான் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டேன், புடவையோடு நுழைய முடியாது என்று அவர் பேண்ட்டையும் போட்டு இடுப்பில் சணல் கயிறு கட்டினேன். அந்தக் கார் எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும், ஒரே ஒரு தடவை அதில் பூசைக்குப் போய் நான் இறங்க அப்பா ஒரு கையும் கோயில்பிள்ளை ஒரு கையும் பிடித்து இழுத்தார்கள். கட்டை மேலே ஏறி நின்றும் அதே கதைதான், உள்ளே போகிறதுக்குள் மூணு அருள்நிறை மந்திரம் முடிந்தது. முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அடியில் படுப்பார், நான் முக்காலி போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். கை மட்டும் வெளியே வரும், பதினேழு என்னும், நான் பதினேழை வைப்பேன், கை உள்ளே போய்விடும். அந்தக் கையையும் ரெண்டு காலையும்தான் நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம், இடம்தான் தெரியாது. ஆனாலும் கண்ணுக்கு நேரே ஒரு பெரிய போல்ட் தெரிந்தது. மற்றதை எல்லாம் கம்பெனிக்காரன் ஒரு கறுப்புத் தட்டு வைத்து மூடியிருந்தான், இது ஒன்றுதான் வா வா என்றது.

பதினேழு அதில் ஏறவில்லை, பத்தொன்பது என் கைக்கு எட்டவில்லை. அந்த நேரம் கேட் கத்தியது, யாரோ வந்தார்கள் என்று நான் பழக்கத்தில் கையை வெளியே நீட்டி "பத்தொம்பது குடு" என்றேன். வந்தது பக்கத்து வீட்டு பெர்னதெத். கார் அடியில் அப்பா பேண்ட்டும் அப்பா செருப்பும், வெளியே ஒரு கை. "ஐயோ ஆம்ப்ரோஸ் அண்ணா!" என்று ஒரே கூச்சல், கொண்டுவந்த மீன் குழம்பு காம்பவுண்டு முழுக்க. "ஏய், நான்தான்டீ" என்றேன். "அல்போன்சாவா? உயிரோட கீறியா? இன்னா வேஷம் இது, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு, பாவி!" என்று அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே முக்காலியில் உட்கார்ந்து ஸ்பேனர் கொடுத்தாள். பத்தொன்பது கேட்டால் பன்னிரண்டு கொடுப்பாள், ஸ்பேனர் கேட்டால் சுத்தியல் கொடுப்பாள். கடைசியில் இருபத்திநாலு போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏறி மிதிக்காத குறையாக ஒரு இழுப்பு இழுத்தேன், போல்ட் கழன்றது, முழங்கை சக்கரத்தில் இடித்தது, பாதி ஆயில் இட்லிக் குண்டானில் விழுந்தது, மீதி என் காதில்.

ஆனால் அந்த ஆயில் என்ன சுத்தம் தெரியுமா ராஜா! தேன் மாதிரி. முப்பது வருஷம் நான் அவர் சட்டையில் துவைத்தது எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். புதுக் கார், நாலு மாசமாகச் சும்மா நிற்கிறது, அழுக்கு எங்கேயிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன். போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன். மேலே எண்ணெய் டப்பா படம் போட்ட மூடியைத் திறந்து, சிலுவை போட்டு, கேன் ஆயிலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினேன். அளவு பார்க்கிற குச்சியை எடுத்துப் பார்த்தால் ரெண்டு புள்ளியையும் தாண்டி நாலு விரல் மேலே நிற்கிறது. "உன் கைக்கு அளவே தெரியாது, ரசத்துலயும் இப்படித்தான்" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது, ஆயில் போன காதிலேயே. பில்டர் எங்கே மாட்டுகிறது என்று தெரியவில்லை, அதைப் படத்துக்குக் கீழேயே திரும்ப வைத்துவிட்டேன், கொஞ்ச நாள் செபம் கேட்கட்டும். கேட் கீலில் ஒரு சொட்டு விட்டேன். இன்னும் கத்துகிறது. ஊறினால் சரியாகிவிடும்.

ஆகையால் கார் தயார். அப்பா வேலை முடிந்தது, உன் பாரமும் முடிந்தது. வருகிற ஆளிடம் கொடுத்துவிடு. பில்டர் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கொடு, பொய் வேண்டாம். வெந்நீரில் குளி, தலையைத் துவட்டு, படுக்கும்முன் ஒரு பர மண்டல மந்திரமாவது சொல். உன் நெற்றியில் இங்கேயிருந்தே சிலுவை போடுகிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
அல்போன்சா ஆம்ப்ரோஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பக்கம் வேலையாகப் போகிறவன் என்று கடிதத்தைக் கொடுக்க டிரேவரைக் கூப்பிட்டிருந்தேன், அப்பாவோடு கராஜில் இருந்தானே அவன். வந்தவன் குண்டானில் இருந்த ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தான், மோந்தான், டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனான். வெளியே தெரிந்த கால் மட்டும் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், சிரித்திருக்கிறான். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்ததும் அழுதான். "அண்ணி, நீங்க இறக்கினது கியர் பாக்ஸ் ஆயிலு. எஞ்சின் போல்ட்டு அந்தக் கறுப்புத் தட்டுக்குள்ள கீது. இப்போ கியர்ல ஒண்ணுமே இல்ல, எஞ்சின்ல பழசும் கீது, புதுசும் கீது. யாராச்சும் சாவியத் திருப்பினீங்களா?" என்றான். சாவி மாதா காலடியில் இருக்கிறது, யாரும் தொடவில்லை என்றேன். "அப்போ மாதாதான் காப்பாத்தினா, ஒண்ணும் கெடல" என்றான்.

ஆகையால் மேலே எழுதினதை எல்லாம் மறந்துவிடு. கார் தயார் இல்லை. அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லு. அப்பா இறக்க இருந்த முதல் ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் உள்ளேதான் இருக்கிறது, அதை இறக்க வேண்டிய ஆள் நான் இல்லை. டிரேவருக்கு முட்டி மடங்காது, இன்றைக்குப் போய் வந்ததுக்கே ரெண்டு பேர் பிடித்துத் தூக்கினோம், அவன் நின்றுகொண்டு இடம் சொல்லுவான், நம்பர் நான் எடுத்துத் தருகிறேன், படுக்கிறது நீ. சட்டை ஆணியில் இருக்கிறது. கீலில் விட்டது தப்பான எண்ணெய், அதைத் துணி போட்டுத் துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கேட் கத்தட்டும். நான் எழுந்து பார்க்கிறேன்.