இன்னொரு போன் கொடுங்க

ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். போன் சொன்னால் மட்டும் நம்ப மாட்டார். அப்படி ஒரு பிறவியை அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தைத் தவிர வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்திவிட்டு எங்கள் மேல்மாடிக்குக் குடிவந்தவர். அவர் பெயர் கதவில் பெரிதாக எழுதியிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் ‘இன்னொரு போன்’ அங்கிள்தான். தன் போனில் எதையாவது தேடுவார். பதில் வந்த உடனே எதிரில் வருகிறவரிடம் கையை நீட்டுவார்.

“எம்மா, உன் போனக் கொஞ்சம் குடு. அதே கேள்விய இதுலயும் கேட்டுப் பாக்கறேன்.”

“எதுல கேட்டாலும் ஒரே பதில்தானே அங்கிள் வரும்?”

“அங்கதான் ஏமாந்துகினு கீறீங்க. அது ஆளப் பாத்து பேசுது. உனுக்கு ஒண்ணு சொல்லும், எனுக்கு ஒண்ணு சொல்லும். மொத பதிலா வந்து நிக்கிறவன் காசு குடுத்து நிக்கிறான்!”

ஒருமுறை பூந்தமல்லியில் நல்ல பிரியாணி எங்கே என்று நாலைந்து பேரின் போனை வாங்கித் தேடினார். ஒவ்வொன்றும் ஒரு கடையைச் சொன்னது. நியாயம் தவறக்கூடாது என்று எல்லாக் கடையிலும் சாப்பிட்டார். வயிறு பிடித்துக்கொண்டது. அதையும் தேடினார். ஒரு போன் வாயு என்றது, இன்னொன்று அல்சர் என்றது, என் போன் அவருக்கு ஒரு மெத்தையை விற்கப் பார்த்தது. ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பயணிகளிடம் போன் கேட்கப் போய், திருடன் என்று நினைத்து அவரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அதன் பிறகு என் கணவர் அவர் தலையைக் கண்டாலே போனைப் பாக்கெட்டின் அடியில் அமுக்கிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, எங்கள் பார்க்கிங்குக்குள் தவளையும் நண்டும் வந்துகொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்டியைத் தள்ளப் போன என் கணவர் “ஐயோ” என்று காலை உதறினார். கறுப்பாக ஒன்று நெளிந்து சுவர் இடுக்குக்குள் போனது. உடம்பில் வெள்ளைக் கோடுகள்.

“பெரிசா ஒண்ணும் வலிக்கல. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு” என்றார். நான் பதறிப்போய் போனில் தேடினேன். முதல் பதிலைப் படித்ததும் உயிர் திரும்பி வந்தது. படமும் அச்சு அசல் அதே மாதிரி இருந்தது.

“இது வீட்டுக்குள்ள வர்ற சாதுப் பாம்பாம்! விஷமே இல்லையாம்!”

அவர் சிரித்துவிட்டு, “அப்ப ஒரு காபி போடு” என்றார். நானும் படியேறப் போனேன். அப்போதுதான் அங்கிள் இறங்கி வந்தார். போனை வாங்கியவர் பதிலைப் பார்க்கவில்லை, நான் தட்டியிருந்த கேள்வியைப் பார்த்தார். ‘விஷமில்லாத பாம்பு, கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு.’

“விசமில்லாததுன்னு நீயே சொல்லிட்டு, அப்பால கேட்டா அது இன்னா சொல்லும்? நீ கேக்கறத குடுக்கற கட எம்மா அது.”

தன் போனை எடுத்து அதனிடம் பேசினார்: “கறுப்பு பாம்பு, கால்ல கட்சிச்சி, இன்னா பண்ணணும்?”

அவர் சொன்ன ‘கடித்துவிட்டது’ அதன் காதில் ‘கட்சி’ என்று விழுந்துவிட்டது. எந்தக் கட்சியில் எப்படி உறுப்பினராவது என்று அது விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தது.

“டேய், கட்சி இல்லடா! கட்சிச்சி! கட்சிச்சி!” என்று கத்தினார். கூட்டணிச் செய்தி வந்தது. சிரித்திருப்பேன், என் கணவர் அந்த நேரம் பார்த்துச் சுவரில் சாயாமல் இருந்திருந்தால்.

“தூக்கமா வருது” என்றார் அவர்.

கூடியிருந்தவர்கள் அங்கிளின் வழக்கம் தெரிந்து ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“அல்லாத்தையும் உள்ள வைங்க! நைனா, நீ நடக்காத, கால ஆட்டாத. ரெண்டு பேர் இவர தூக்குங்க. எம்மா, என் கார்ல ஏறு.”

குமணன்சாவடியில் லாரிகளும் பஸ்களும் அடைத்துக்கொண்டு நின்றன. பின் சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தவரின் இமைகள் தானாக இறங்கின. பேச்சு குழறியது. நான் காபி போடப் போயிருப்பேனே என்ற நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது. அங்கிள் ஹாரனில் இருந்து கையை எடுக்கவேயில்லை. “வழி உடு நைனா, பாம்புக்கடி! பாம்புக்கடி!” என்று ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுக் கத்தினார். அந்த வார்த்தை எல்லோருக்கும் சரியாகவே கேட்டது. வழி பிறந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே, “கட்டுவிரியன். இன்னும் தாமதிச்சிருந்தா மூச்சு நின்னிருக்கும்” என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். மறுநாள் என் கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது வெட்கமில்லாமல் வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

“அன்னிக்கு மட்டும் ஏன் அங்கிள் இன்னொரு போன் கேக்கல?” என்று பிறகு கேட்டேன்.

“கேட்டிருந்தா ஏதாவது ஒரு போனு ஒண்ணியும் இல்லன்னு சொல்லியிருக்கும். நீ அத்ததான் நம்பியிருப்பே.”

இப்போது அவர் ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் என் போனில் தேடுகிறேன், கணவர் போனிலும் தேடுகிறேன். அப்புறம் அங்கிளுக்கு ஒரு போன் போடுகிறேன். சில நாள், சந்தேகம் எதுவும் இல்லாமலும் போடுகிறேன்.